சென்னைத் தெருவில் ரெட்ரோ ஸ்னீக்கர்: வாங்குவது முதல் வாசலில் கழற்றுவது வரை

அடிடாஸ் சாம்பா ஷூவின் முன்பக்கத்தில் டி வடிவத்தில், ஸ்வேட் என்ற மெத்தென்ற தோலில் ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். என்னுடைய ஜோடியில் வலது கால் துண்டு இன்னும் பஞ்சு மாதிரி இருக்கிறது. இடது கால் துண்டில், பெருவிரலுக்கு நேர் மேலே, ஓர் அங்குல அகலத்துக்கு மழமழவென்று கறுத்துவிட்டது. பைக்கின் கியர் லீவர் செய்த வேலை. அம்பத்தூரிலிருந்து அண்ணா சாலை போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை கியர் மாற்றுகிறோமோ, அத்தனை முறையும் அந்த ஸ்வேட் இரும்பில் உரசுகிறது.

1950 வாக்கில் ஜெர்மனியில் அந்த ஷூவை உருவாக்கியபோது, பனியில் உறைந்து கெட்டிப்பட்ட மைதானத்தில் கால்பந்து ஆடுபவர்கள் வழுக்கி விழக் கூடாது என்பதுதான் நோக்கம். கியர் லீவர், ஐப்பசி மழை, கோயில் வாசல், மின்சார ரயில் படிக்கட்டு எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. ரெட்ரோ ஸ்னீக்கர், அதாவது பழைய மாடலிலேயே வரும் விளையாட்டு ஷூ என்று இன்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எங்கோ ஒரு ஆட்டத்துக்காகப் பிறந்தவை. நாம் அவற்றை இந்த ஊர் வெயிலிலும் புழுதியிலும் போட்டுக்கொண்டு அலைகிறோம். அலையலாம், நன்றாகவே அலையலாம். எது எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் காசும் காலும் தப்பிக்கும்.

படி 1: ஷூ பிறந்த இடத்தைப் பாருங்கள்

கான்வர்ஸ் சக் டெய்லர் 1917-இல் கூடைப்பந்துக்காக வந்தது. மேலே கேன்வாஸ், கீழே தட்டையான ரப்பர். வேன்ஸ் 1966-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதன் கனமான, ஒட்டிப் பிடிக்கும் சோலை ஸ்கேட்போர்டு ஓட்டும் பையன்கள் தமதாக்கிக்கொண்டார்கள். பக்கவாட்டில் வளைந்த கோடு போட்ட ஓல்ட் ஸ்கூல் 1977-இல் வந்தது. அடிடாஸின் வெள்ளை டென்னிஸ் ஷூ 1960களில் ராபர்ட் ஹாயே என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் பெயரில் இருந்து, 1978-இல் அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டான் ஸ்மித் பெயருக்கு மாறியது. ரீபாக் கிளப் சி 1985-இன் டென்னிஸ் ஷூ. ஒனிட்சுகா டைகர் மெக்சிகோ 66, பெயரிலேயே ஆண்டைச் சொல்லிவிடுகிறது: 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை மனதில் வைத்து 1966-இல் ஜப்பானில் செய்தது. நியூ பேலன்ஸ் 574, 1988-இல் ஓடுவதற்காக வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டென்னிஸ் ஷூ பக்கவாட்டில் திரும்பித் திரும்பி ஓடுபவருக்காகச் செய்தது. அதனால் அகன்று நிற்கும், விளிம்பு உறுதியாக இருக்கும், ஓரம் சீக்கிரம் பிய்யாது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு அது நல்ல துணை. 574 போன்ற ஓட்டக்காரர் ஷூவில் குதிகால் உயர்ந்திருக்கும், மெத்தென்றிருக்கும்; நாள் முழுக்க நடப்பவர்களுக்கு ஏற்றது. சாம்பா, சக் டெய்லர், வேன்ஸ், மெக்சிகோ 66 எல்லாம் தட்டை. தரை காலுக்குத் தெரியும். அந்த உணர்வுக்காகவே அவற்றை விரும்புகிறவன் நான். ஆனால் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீரென்று வலிக்கிறதா? அப்படியென்றால் தட்டை ஷூவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஷூவின் மேல்பாகம். நம் ஊருக்கு வரிசைப்படுத்தச் சொன்னால் வழவழப்பான லெதருக்கு முதலிடம், கேன்வாஸுக்கு இரண்டாமிடம், ஸ்வேட்டுக்குக் கடைசி இடம் என்பேன். லெதரை ஈரத்துணியால் துடைத்தால் புழுதி போய்விடும். கேன்வாஸ் காற்றோட்டமானது, துவைக்கலாம், ஆனால் ஒரே மழையில் நனைந்து ஊறிவிடும். ஸ்வேட் என்பது தோலின் உட்புறத்தைத் தேய்த்துப் பஞ்சாக்கியது; தண்ணீரும் எண்ணெயும் பட்டால் திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும், புழுதி அந்தப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனையும் தெரிந்தே நான் ஸ்வேட் வாங்குகிறேன். அந்தக் கருநீலம் மாலை வெளிச்சத்தில் காட்டும் நிறத்தை வேறெதிலும் பார்த்ததில்லை. வாங்குகிறவர்கள் தை முதல் புரட்டாசி வரை போடுவதற்கென்று வாங்குங்கள்.

ஸ்வேட் பேச்சு வந்ததால் ஒன்று. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரர் டாமி ஸ்மித் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி நின்றாரே, அப்போது அவர் காலில் ஷூ இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வறுமையைக் காட்டக் கறுப்பு சாக்ஸோடு மட்டும் மேடை ஏறினார். கழற்றிய பூமா ஸ்வேட் ஷூ மேடையில் அவர் பக்கத்தில் இருந்தது. அந்த ஷூவைக் காலில் மாட்டும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

படி 2: அளவை சென்டிமீட்டரில் எடுங்கள்

'நான் எட்டு' என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அடிடாஸின் அட்டவணையில் யூகே 8 என்றால் 26.5 சென்டிமீட்டர். நைக்கியில் அதே யூகே 8 என்றால் 27. யூகே அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர்தான். அதில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது பாதி எண்ணுக்கும் மேல்.

வீட்டிலேயே எடுக்கலாம். சாயங்காலம் எடுங்கள், நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் ஷூ பொருந்த வேண்டும். சுவரோடு ஒட்டி ஒரு தாளைப் போட்டு, குதிகால் சுவரில் முட்டும்படி உடல் எடையைக் காலில் ஏற்றி நில்லுங்கள். மிக நீண்ட விரல் முனையில் பென்சிலால் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும், அதைக் கவனியுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைவிடப் பெரிய தொல்லை அகலம். சிறு வயதில் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். சாம்பா, பூமா ஸ்வேட் இரண்டும் குறுகலான வார்ப்பு. சுண்டுவிரல் ஓரத்தில் இறுக்குகிறது என்றால் 'போடப் போட விரிந்துவிடும்' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்காதீர்கள். லெதரும் ஸ்வேட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் கீழே இருக்கும் ரப்பர் விளிம்பு ஒரு நூல்கூட விரியாது, சுண்டுவிரல் உட்காருவது அங்கேதான். அரை எண் பெரிதாக வாங்கி, உள்ளே போடும் மெத்தையான இன்சோலால் சரிக்கட்டுங்கள், அல்லது கிளப் சி போல அகலமான வார்ப்புக்கு மாறிவிடுங்கள். நியூ பேலன்ஸில் சில மாடல்கள் அகல அளவிலேயே கிடைக்கின்றன. சக் டெய்லர் வழக்கமாகப் பெரிதாகவே வரும். அரை எண் குறைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

போட்டுப் பார்க்கும்போது விரல் முனைக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். இரண்டு ஷூவையும் மாட்டிக்கொண்டு, கடைக்குள் படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடித்தால் அந்த அளவு வேண்டாம்.

படி 3: சோலைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் எல்லாரும் நிறத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சோலுக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே சுற்றிலும் தையல் ஓடுகிறதா? ஸ்டான் ஸ்மித், கிளப் சி, பூமா ஸ்வேட் எல்லாம் கிண்ணம் போன்ற ரப்பர் சோலுக்குள் மேல்பாகத்தை உட்கார வைத்துச் சுற்றித் தைத்தவை. பசை விட்டாலும் தையல் பிடித்து நிறுத்தும். சக் டெய்லரும் வேன்ஸும் வேறு முறை: ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, ஷூவையே அடுப்பில் வேகவைத்து ரப்பரைக் கெட்டிப்படுத்துவார்கள். வல்கனைசேஷன் என்று பெயர். சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்த வித்தை. வளைந்துகொடுக்கும், ஆனால் விரல் மடங்கும் இடத்தில் ஒருநாள் பட்டை பிரியத்தான் செய்யும்.

போலியை ஃபர்ஸ்ட் காப்பி என்று சொல்லி நான்கில் ஒரு பங்கு விலைக்குத் தருவார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. நம் வெயிலில் தார் ரோடு சுடும் சூட்டுக்கு அந்த மலிவுப் பசை இளகிவிடும். அசலா என்று பார்க்க, நாக்கின் உள்பக்கம் இருக்கும் லேபிளின் மாடல் எண்ணும் பெட்டியின் மேல் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். லேபிளில் எந்த நாடு என்று இருந்தாலும் பரவாயில்லை. வெளிநாட்டில் செய்ததுதான் உயர்வு என்ற நினைப்பும் வேண்டாம். செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கிக்காகக் காலணி செய்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலுக்குப் பேர் போனவை. உலகத்துக்கே செருப்பு தைக்கும் கை இங்கேதான் இருக்கிறது.

படி 4: முதல் பத்து நாள்

புது ஷூவோடு முதல் நாளே ரங்கநாதன் தெருவுக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டுக்குள் அரை மணி, பிறகு பக்கத்துக் கடைவரை, அப்புறம் அலுவலகம். குதிகாலின் மேல் விளிம்பு தேய்த்துக் கொப்புளம் வந்தால், கிளம்பும் முன்பே அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சாக்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுத்தப் பருத்திதான் நல்லது என்று நம் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது. மதியத்துக்குள் ஈரத்துணியைச் சுற்றிய மாதிரி ஆகிவிடும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வர வேறு காரணம் வேண்டாம். பருத்தியோடு பாலியெஸ்டரோ நைலானோ கலந்த, அடிப்பாகம் கொஞ்சம் தடித்த சாக்ஸ் நல்லது. வெளியே தெரியாத குட்டை சாக்ஸ் வாங்கினால் குதிகாலுக்குள் சிலிக்கான் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் சுருண்டு பாதத்தின் நடுவே போய்விடும். சாக்ஸே இல்லாமல் போடுவது படத்தில் அழகாக இருக்கும், சித்திரையில் அழுகல் நாற்றம் வரும்.

படி 5: வாசலில் கழற்றுவது

ஸ்னீக்கர் பற்றி வெளிநாட்டில் எழுதும் எந்தக் குறிப்பிலும் இது இருக்காது. நமக்கு இதுதான் தலையாய விஷயம். ஒரு சனிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். காலையில் கோயில், பிறகு சித்தி வீடு, மருத்துவமனை வார்டு, நண்பனின் புது வீடு, கடைசியில் நம் வீடு. ஐந்து முறை கழற்றி ஐந்து முறை மாட்டுகிறோம். பொறுமை போய், லேஸை அவிழ்க்காமல் ஒரு காலால் இன்னொரு காலின் குதிகாலை மிதித்து உருவுகிறோம். மாட்டும்போது பின்பக்கத்தை மடக்கிச் செருப்பு போல மிதித்துக்கொண்டு நடக்கிறோம். குதிகால் பகுதிக்குள் ஒரு விறைப்பான அட்டை இருக்கிறது. இரண்டு மாதம் இப்படி மிதித்தால் அது உடையும். உடைந்தால் ஷூ காலைப் பிடிக்காது, அதைச் சரிசெய்யவும் முடியாது.

இதற்கு வழி லேஸில் இருக்கிறது. கடையில் கோத்துக் கொடுத்தபடியே விடாதீர்கள். முழுவதும் உருவி, குறுக்காகப் போகாமல் ஏணிப்படி போல நேர்க்கோடாக வரும்படி கோத்துக்கொள்ளுங்கள். அது தளர்வாக நிற்கும். மேல் ஓட்டை ஒன்றை விட்டுவிடுங்கள். கால் நுழையும் அளவுக்கு ஒருமுறை சரிசெய்து முடிச்சை உள்ளே தள்ளிவிட்டால், அன்றாட நடைக்கு அவிழ்க்கவே வேண்டாம். புறங்கால் மேடாக இருப்பவர்கள் நடுவில் ஓர் ஓட்டையைத் தாண்டிக் கோத்தால் அழுத்தம் குறையும். நீண்ட தூரம் நடக்க வேண்டிய நாளில் மட்டும் மேல் ஓட்டைக்கும் லேஸைக் கொண்டுபோய் இறுக்கிக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் லேஸும் கிடைக்கிறது. வயதான அப்பா அம்மாவுக்கு ஸ்னீக்கர் வாங்கிக் கொடுத்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

வாசலில் ஒரு ஷூ ஹார்ன், அதாவது குதிகாலை ஷூவுக்குள் வழுக்கி இறக்கும் கரண்டி, தொங்கவிடுங்கள். கைப்பையில் வைத்துக்கொள்ளச் சாவிக்கொத்தில் மாட்டும் சிறியது விற்கிறது. எங்கள் வீட்டில் பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்று செருப்பு ஸ்டாண்டில் ஆணியில் தொங்குகிறது, அதன் காம்பு அந்த வேலையைச் செய்கிறது. கோயிலுக்கென்றே கிளம்பும் நாளில் லேஸ் இல்லாத வேன்ஸ் ஸ்லிப் ஆன் அல்லது செருப்பு. வெளியே விட்ட ஷூ வெயிலில் காய்ந்து கொதிப்பதும், மழையில் நிரம்புவதும் நம் கையில் இல்லை.

படி 6: பைக் ஓட்டுகிறவர்களுக்கு

இடது முனையைக் காப்பாற்ற இரண்டு வழி. கியர் லீவர்மேல் மாட்டும் ரப்பர் உறை உதிரிபாகக் கடையில் மலிவாகக் கிடைக்கும். அல்லது ஷூவின்மேல் எலாஸ்டிக்கில் மாட்டும் கியர் பேடு. நான் முதலாவதைத் தாமதமாகப் போட்டவன், தழும்பு அப்படியே இருக்கிறது. லேஸ் நுனியை எப்போதும் உள்ளே செருகுங்கள். கியர் லீவரிலோ ஃபுட் ரெஸ்டிலோ சிக்கினால் சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் வண்டியோடு சாய வேண்டியிருக்கும்.

படி 7: உடை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தட்டை ஷூவுக்குப் பேன்ட்டின் கால் குறுகி, கணுக்காலோடு நிற்க வேண்டும். துணி ஷூவின்மேல் குவிந்தால் இரண்டும் கெடும். 574 மாதிரி கனத்த ஷூவுக்கு அகலமான ஜீன்ஸ். காட்டன் புடவைக்கு வெள்ளை ஸ்டான் ஸ்மித் மிக நன்றாக இருக்கிறது. கட்டும்போதே ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டினால் கொசுவத்தின் உயரம் சரியாக வரும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் வெள்ளை லெதர், அல்லது வெளிர்ப்பழுப்பு ரப்பர் அடிபோட்ட கறுப்பு.

படி 8: மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் பையில் ஒரு ரப்பர் செருப்பு இருக்கட்டும். தேங்கிய தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலில் இருக்கும் சிறு வெட்டு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். கொப்புளம் உடைந்த காலோடு அந்த நீரில் இறங்காதீர்கள். இறங்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெளிர்ப்பழுப்பு ரப்பர் சோல் காய்ந்த தரையில் அட்டைப்பூச்சி போல ஒட்டும், ஈரமான பாலிஷ் தரையில் கைவிட்டுவிடும். மால் வாசல், மெட்ரோ படிக்கட்டு இரண்டிலும் கைப்பிடியைப் பிடித்து நடங்கள்.

நனைந்துவிட்டால்: லேஸையும் இன்சோலையும் வெளியே எடுங்கள். உள்ளே அச்சு இல்லாத வெள்ளைத்தாளைத் திணியுங்கள். செய்தித்தாளின் மை உள்துணியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணிக்கொருமுறை தாளை மாற்றி, ஃபேனுக்கு அடியில் சாய்த்து வையுங்கள். வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாவே வேண்டாம். லெதர் வெடிக்கும், பசை இளகும்.

படி 9: சுத்தம்

லெதருக்கு ஈரத்துணி, தேவைப்பட்டால் ஒரு சொட்டு ஷாம்பூ. ஸ்வேட்டுக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. ஸ்வேட் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டி, கறையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து எடுக்கலாம். புது ஸ்வேட்டுக்கு நீரை விலக்கும் ஸ்ப்ரேயை மொட்டை மாடியில் வைத்து மெல்லிசாக இரண்டு முறை அடித்து, ஓரிரவு காயவிடுங்கள்.

கேன்வாஸ் வந்தால் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம்தான். புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். செவ்வாய் இரவு, துவைத்துக் காயாத கேன்வாஸ் ஷூவின்மேல் சாக்பீஸை அழுத்தித் தேய்ப்போம். காலையில் நடக்க நடக்க வாசல்வரை வெள்ளைத் தடம் விழும். ஷூ மஞ்சளானதால்தான் அவ்வளவு பாடு. அந்த மஞ்சள் பெரும்பாலும் சரியாக அலசாத சோப்பு காயும்போது மேலே வந்து படிவது. நன்றாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு வெள்ளை டிஷ்யூ தாளை ஈரத்தோடு ஷூமேல் சுற்றி ஒட்டி நிழலில் காயவிடுங்கள். மஞ்சள் தாளுக்குப் போய்விடும். முதல்முறை தாளைப் பிரித்தபோது டீத்தூள் நிறத்தில் கோடுகள் இருந்தன, ஷூ வெள்ளையாக இருந்தது. அன்று சாக்பீஸ் தேய்த்த இரவுகளெல்லாம் நினைவுக்கு வந்தன.

நாற்றத்துக்கு: ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள், உள்ளே காய ஒரு நாளாவது ஆகும். பழைய சாக்ஸுக்குள் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு முடிந்து, இரவு முழுக்க ஷூவுக்குள் வையுங்கள். தூளை நேரடியாகக் கொட்டினால் தையலுக்குள் போய் லெதரை உலர்த்திவிடும்.

படி 10: பரணில் வைக்காதீர்கள்

இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது. வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கிவந்த ஒரு ஜோடி, 80களின் ஓட்டக்காரர் ஷூ மாதிரி. விசேஷத்துக்குப் போடலாம் என்று பெட்டியோடு பரணில் வைத்தேன். ஏழு வருஷம் கழித்து, தங்கையின் வரவேற்புக்கு எடுத்து மாட்டினேன். மண்டப வாசலிலிருந்து மேடைக்குப் போவதற்குள் குதிகாலுக்கு அடியிலிருந்து ஈர ரொட்டித்தூள் போல உதிர ஆரம்பித்தது. சோல் தனியாக வந்துவிட்டது. மொத்தம் ஐந்து முறைகூட போட்டதில்லை.

காரணம் பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றிலிருக்கும் ஈரம் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடும். கடலோர ஊரில் பெட்டிக்குள் மூடி வைத்தால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். போட்டு நடந்துகொண்டே இருந்தால் நுரை அழுந்தி விரிந்து ஈரம் வெளியேறும், நாள் தாங்கும். 574-இன் குதிகாலில் ஈவிஏ என்ற வேறு வகை நுரையைச் சுற்றி இந்தப் பாலியூரித்தேன் விளிம்பு இருக்கிறது. வாரம் ஒரு முறையாவது போடுங்கள். வெறும் ரப்பர் சோலுக்கும் ஈவிஏ நுரைக்கும் இந்தப் பயம் இல்லை. எதுவானாலும் காற்றாடும் தட்டில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள்.

படி 11: தைத்துக்கொள்ளுங்கள்

விரல் மடங்கும் இடத்தில் பட்டை பிரிய ஆரம்பித்ததும் தெருமுனையில் தைப்பவரிடம் போங்கள். முழுதும் பிரியும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் சூப்பர் க்ளூ போடாதீர்கள், அது கண்ணாடி போல இறுகி, மடங்கும்போது வெடிக்கும். எங்கள் பகுதியில் ரயில்வே கேட் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முதலில் இரண்டு பக்கமும் அரத்தால் தேய்ப்பார். சொல்யூஷன் தடவி, உடனே ஒட்டாமல் பத்து நிமிஷம் காயவிடுவார். ஒட்டியதும் சுத்தியலால் தட்டிவிட்டு, மெழுகு தேய்த்த நூலில் சுற்றித் தைப்பார். போன மாதம் என் சக் டெய்லரைக் கொடுத்தபோது 200 ரூபாய் வாங்கினார். அடியைத் திருப்பிப் பார்த்தவர், வலது குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதைக் காட்டி, "தம்பி, வலது பக்கமாவே சாஞ்சி நடக்குறீங்க, இடுப்பு வலிக்குதா?" என்று கேட்டார். வலித்துக்கொண்டுதான் இருந்தது. மறுவாரம் பை மாட்டும் தோளை மாற்றிக்கொண்டேன்.